என்கார்னி வீட்டு நாற்றம்

"உங்க ஊர்ல வெறுங்காலோடதான் வீடெல்லாம் நடப்பீங்கன்னா, கட்டில்ல ஏறும்போது அந்தக் காலை என்ன செய்வீங்க? கழட்டி வெளியில வெச்சிடுவீங்களா?"

ஸ்பெயினில், கிரனாடாவில் வந்திறங்கிய முதல் நாள், வீட்டுக்காரி என்கார்னி கொரினைப் பார்த்துக் கேட்ட கேள்வி இது. கொரினுக்குக் காதுவரை சிவந்துவிட்டது. அன்று மாலையே தெருமுனைக் கடையில் ஒரு ஜோடி வீட்டுச் செருப்பு வாங்கி மாட்டிக்கொண்டாள். அதே அறையில் தங்க வந்திருந்த பெய்ஜ் வாங்கவில்லை. "கிழவிக்கு வேற வேலை இல்ல" என்று சொல்லிவிட்டு, வெறுங்காலோடு கட்டிலில் ஏறி, வெள்ளை விரிப்பில் உள்ளங்கால் இரண்டையும் நன்றாகத் தேய்த்துக் காட்டினாள். இரண்டு கறுப்புக் கோடு விழுந்தது.

இருவரும் அமெரிக்காவில் ஒரே கல்லூரி. ஒரு பருவம் மட்டும் ஸ்பெயினில் படிக்க வந்தவர்கள். வீட்டுக்கு இரண்டு மாணவிகள் என்று பிரித்துவிட்டது அங்கே இருந்த மாணவர் அலுவலகம்.

என்கார்னிக்கு அறுபத்து மூன்று வயது. இடது இடுப்பு சரியில்லை. பதினோரு வருடமாக வெளிநாட்டு மாணவிகளை வீட்டில் வைத்துச் சமைத்துப் போடுகிறாள். அதுதான் அவள் பிழைப்பு. காலையில் ஒரு தடவை, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு தடவை, வீடு முழுக்க ப்ளீச் ஊற்றித் துடைப்பாள். தரை காயும்வரை யாரும் நடக்கக் கூடாது; இருந்த இடத்தில் காலைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அலமாரியைத் திறந்து அழுக்குத் துணியை அவளே எடுத்துப் போவாள். துவைத்து, ஜன்னலுக்கு வெளியே கொடியில் காயப்போட்டு, காலுறைக்குக்கூட இஸ்திரி போட்டு அடுக்கிவைப்பாள். ஆனால் மாணவிகளின் பயணப்பெட்டியை மட்டும் திறக்க மாட்டாள்.

"பெட்டிங்கிறது அவங்கவங்க வீடு மாதிரி. அதைத் திறந்தா நான் திருடி" என்பாள்.

வெள்ளிக்கிழமை வகுப்பு கிடையாது. வியாழன் மதியம் சாப்பிட்ட கையோடு பெய்ஜும் அவள் கூட்டமும் மலாகா விமான நிலையத்துக்குப் பேருந்து ஏறிவிடுவார்கள். மலிவான டிக்கெட் எந்த ஊருக்குக் கிடைக்கிறதோ அந்த ஊர். ப்ராக், க்ரகாவ், டப்ளின். ஞாயிறு மாலை திரும்பி வரும்போது பெய்ஜின் முதுகுப்பை கதவுக்கு வெளியிலேயே நாறும். ஈரத் துண்டு, பியர் சிந்திய சட்டை, மூன்று நாளாகக் கழற்றாத காலுறை, எல்லாம் ஒரே உருண்டையாக. அதை அப்படியே தரையில் கொட்டிவிட்டுப் படுத்துக்கொள்வாள். குளிப்பது திங்கட்கிழமை, நினைவிருந்தால். "க்ரகாவ்ல என்ன பார்த்தே?" என்று கொரின் ஒரு முறை கேட்டதற்கு, "செம ஊருடி, பியர் தண்ணி விலை" என்றாள். கைபேசியில் படம் காட்டினாள். பாலத்தின் முன்னால் அவள் எகிறிக் குதிக்கிறாள். தேவாலயத்தின் முன்னால் குதிக்கிறாள். போரில் செத்தவர்களுக்காக வைத்த நினைவுக் கல்லின் முன்னாலும் அதே மாதிரி, இரண்டு காலையும் மடக்கிக்கொண்டு குதிக்கிறாள்.

கொரினும் சில தடவை கூடப் போனாள். புடாபெஸ்ட்டில் பன்னிரண்டு கட்டில் போட்ட விடுதி அறை. குளியலறை வடிகாலில் யாருடையதோ முடிக்கற்றை. அதில் ஒட்டிக்கொண்டு ஒரு பழைய பிளாஸ்திரி. காலையில் மேல்கட்டில் பையன் தலையை நீட்டி வாந்தி எடுத்தான். பாதி கொரினின் ஷூவுக்குள் விழுந்தது. அவள் கழிப்பறைத் தாளால் வழித்து எடுக்க எடுக்க, பெய்ஜ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அதையும் படம் எடுத்தாள். திரும்பி வரும் விமானம் முழுக்க கொரினுக்குத் தன் கால்மேல் தனக்கே குமட்டிக்கொண்டு வந்தது. என்றாலும் அடுத்த வாரம் கூப்பிட்டபோது போனாள். யாரிடமும் சட்டென்று பேச வராத பெண் அவள். இந்த ஊரில் பெய்ஜ் ஒருத்திதான் அவளைக் கூப்பிடுகிறவள். அவளும் இல்லாவிட்டால், கல்லூரிச் சிற்றுண்டிக் கூடத்தில் சுவரைப் பார்த்துக்கொண்டு தனியாகத்தான் தின்ன வேண்டும்.

ஒவ்வொரு வியாழக்கிழமையும் என்கார்னி ஆளுக்கொரு பொட்டலம் தருவாள். நீள ரொட்டியைப் பிளந்து, உருளைக்கிழங்கு போட்ட கனமான ஆம்லெட்டை உள்ளே வைத்து, வெள்ளித் தாளில் சுற்றியிருப்பாள்.

"விமானத்துல விக்கிறதை வாங்கித் தின்னாதீங்க. அட்டையைக் கடிக்கிற மாதிரி இருக்கும்."

பெய்ஜுக்கு முட்டை நாற்றம் ஆகாது. முதல் வாரம் தெருக் குப்பைத்தொட்டியில் வீசினாள். கீழ்வீட்டு லோலி பார்த்துவிட்டாள். ஜன்னலுக்கு ஜன்னல் கத்திச் சொல்லியும்விட்டாள். ஞாயிற்றுக்கிழமை என்கார்னி இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"என் முட்டை உனக்கு என்ன பாவம் பண்ணுச்சு மகளே?"

"ஐயோ, கை தவறி விழுந்துடுச்சு என்கார்னி! எனக்கு எவ்வளவு அழுகையா வந்துச்சு தெரியுமா?" என்று பெய்ஜ் அவளைக் கட்டிக்கொண்டாள். அதற்குப் பிறகு அவள் எதையும் தெருவில் வீசவில்லை. பொட்டலத்தை எங்கே வைத்தாள் என்று கொரினும் கேட்கவில்லை.

அந்த வருடம் அக்டோபர் கடைசிவரை வெயில் காய்ந்தது. வீட்டில் ஒரு நாற்றம் கிளம்பியது. முதலில் லேசாக, இனிப்பாக. பிறகு தொண்டையில் போய் ஒட்டிக்கொள்வதுபோல. நடையில் சின்னச் சின்ன ஈக்கள். என்கார்னி கழிவுநீர்க் குழாயைச் சந்தேகப்பட்டாள். வினிகர் ஊற்றினாள், ப்ளீச் ஊற்றினாள். சமையலறைத் தொட்டிக்கு அடியில் மண்டியிட்டு, குழாயைக் கழற்றி, உள்ளே விரலை விட்டு, கறுப்பாகச் சேர்ந்திருந்ததை எல்லாம் வழித்து எடுத்தாள். எழுந்திருக்க முடியாமல் கதவுப் பிடியைப் பிடித்துத் தொங்கினாள். மறுநாளும் நாற்றம் இருந்தது. லோலியைக் காபிக்குக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள். தபால்காரருக்குக்கூடக் கதவை ஒரு விரல் அகலம்தான் திறந்தாள்.

அந்த வாரம் பெய்ஜ் போர்ட்டோ போயிருந்தாள். கொரினுக்குச் சளி, போகவில்லை. வெள்ளிக்கிழமை, மூக்கடைப்பு கொஞ்சம் விட்ட நேரத்தில், அவளுக்கும் அது உறைத்தது. மோந்துகொண்டே போனாள். அலமாரிக்கு அடியில் பெய்ஜின் பெரிய பெட்டி. ஜிப்பை ஒரு சாண் திறந்தாள்.

ஏழு பொட்டலம். வெள்ளித் தாள் ஊதிப்போய்க் கிழிந்து, ரொட்டி பச்சையாகக் கூழாகி, அதற்குள் வெள்ளை வெள்ளையாக நெளிந்துகொண்டிருந்தது. ஒரு புழு ஜிப்பின் பல்மேல் ஏறி வந்தது. கொரின் அதை உள்ளே தட்டி, ஜிப்பை இழுத்து மூடி, குளியலறைக்கு ஓடினாள்.

மறுநாள் என்கார்னி அவர்கள் அறையைக் கழுவ வந்தாள். அலமாரித் துணி எல்லாவற்றையும் வெளியே எடுத்தாள், தட்டுகளைத் துடைத்தாள். பெட்டியை வெளியே இழுத்து அதன் மேல்புறத்தையும் ப்ளீச் துணியால் துடைத்தாள். குனிந்து மோந்தாள். கை ஜிப்புவரை போய், திரும்பி வந்தது.

"இதுல ஏதாவது இருக்கா மகளே?"

சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தைதான். ஆனால் சொன்னால் பெய்ஜ் என்ன செய்வாள் என்றுதான் கொரினுக்குத் தோன்றியது.

"இல்ல என்கார்னி. காலிப் பெட்டி."

"அதானே" என்றாள் என்கார்னி. "அப்ப நாத்தம் எனக்குள்ளதான்."

ஞாயிறு மாலை பெய்ஜிடம் சொன்னபோது அவள் முகம்கூடச் சுளிக்கவில்லை.

"ஏழா? நான் நாலுன்னுல்ல நெனச்சேன்!"

"சிரிக்காத. மொதல்ல வெளியில கொண்டுபோய்ப் போடு. பாவம், அவங்க மண்டி போட்டுத் தேடிக்கிட்டிருக்காங்க."

பெய்ஜ் பெட்டியைத் திறந்தாள். மூக்கைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு ஒரு பொட்டலத்தை நுனி விரலால் தூக்கி, அறை மூலையில் தரைமேல் உதறினாள். புழுக்கள் தரை ஓட்டின்மேல் சிதறி நெளிந்தன. கைபேசியை எடுத்துக் கிட்டத்தில் வைத்து நாலைந்து படம் எடுத்தாள்.

"என்னடி பண்றே?"

"வீடு மாறப் போறோம்."

பருவத்தின் நடுவில் வீடு மாற்றித் தர அலுவலகம் ஒரே ஒரு காரணத்தைத்தான் ஏற்கும்: சுத்தமில்லை என்பது. மாணவிகள் அத்தனை பேருக்கும் இது தெரியும். அறையில் இருக்கும் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். பெய்ஜின் தோழிகள் ஆற்றோரம் ஒரு வீட்டில் இருந்தார்கள். அங்கே ஒரு அறை காலி. தரை காயக் காத்திருக்க வேண்டியதில்லை, ஆம்லெட்டும் இல்லை.

"என்கார்னி பேரை வீடு குடுக்கறவங்க பட்டியல்ல இருந்தே எடுத்துடுவாங்க பெய்ஜ்."

"எடுக்கட்டுமே. இடுப்பு வலிக்குது, இடுப்பு வலிக்குதுன்னு அவங்கதானே பாடறாங்க? ரெஸ்ட் எடுக்கட்டும்."

"நான் போட மாட்டேன்."

"சரி, வேணாம். நீ இங்கயே இருந்து கிழவி கூட பருப்பு தின்னு. அடுத்த வாரம் லிஸ்பனுக்கு உன் இடத்துல வேற யாரையாவது கூட்டிட்டுப் போறேன். நீ வந்தாலும் வராட்டாலும் ஒண்ணுதான், வாயே திறக்க மாட்டே."

அரை மணி நேரம் கழித்து கொரின் புகார்க் காகிதத்தில் கையெழுத்துப் போட்டாள். பேனாவைக் கீழே வைத்துவிட்டுப் போய், சோப்புப் போட்டுக் கையைக் கழுவினாள்.

ஒரு வாரம் ஆயிற்று. பெய்ஜ் பொட்டலங்களை ஒரு பையில் போட்டுக் கொண்டுபோய்க் கல்லூரிக் குப்பையில் எறிந்திருந்தாள். நாற்றம் மெல்ல அடங்கியது. லிஸ்பனில் எடுத்த படத்தில் கொரினும் எகிறிக் குதித்தாள். நால்வரில் ஓரத்து ஆள். கிரனாடாவுக்குத் திரும்பிய மறுநாள், திங்கட்கிழமை, அலுவலகத்திலிருந்து மைதே என்பவள் வந்தாள்.

என்கார்னி விஷயம் தெரியாமல், ஏதோ வழக்கமான பார்வையிடல் என்று நினைத்துக்கொண்டு, காபியும் பிஸ்கட்டும் எடுத்து வைத்தாள். குளிர் தொடங்கிவிட்டிருந்தது. வட்ட மேஜைக்கு அடியில் கணப்பைப் போட்டு, கனத்த மேஜைத் துணியை ஒவ்வொருவர் மடிமேலும் இழுத்து மூடிவிட்டாள். துணிக்குள்ளே பெய்ஜின் வெறுங்கால் தன் காலில் உரசியதும் கொரின் காலை இழுத்துக்கொண்டாள்.

மைதே நாசூக்காகத்தான் ஆரம்பித்தாள். படத்தை மேஜைமேல் வைத்தாள். என்கார்னி கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, படத்தை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"மாதாவே" என்றாள். பிறகு, "என் தரைதான். அந்த ஓட்டுல மூலை உடைஞ்சிருக்கு பாருங்க. என் தரைதான் இது" என்றாள்.

"ரெண்டு பேரும் எழுதிக் குடுத்திருக்காங்க என்கார்னி."

"எழுதட்டும், நியாயம்தானே. நாத்தம் இருந்துச்சு. நான் தேடாத இடமில்ல. வயசாயிடுச்சு போல, கண்ணுக்கும் தெரியல, மூக்குக்கும் தெரியல." அவள் பெண்கள் பக்கம் திரும்பினாள். "என்கிட்ட ஏன் சொல்லல? இதுலயா படுத்துக் கிடந்தீங்க? மன்னிச்சிடுங்க மகளே."

"பரவால்ல என்கார்னி" என்றாள் பெய்ஜ், தலையைச் சாய்த்து. "எங்களுக்கும் கஷ்டமாத்தான் இருக்கு." பிஸ்கட் ஒன்றை எடுத்துக் காபியில் நனைத்தாள்.

கொரின் அந்த ஊறிய பிஸ்கட்டைப் பார்த்தாள். வாயைத் திறந்தால் வாந்திதான் வரும் என்று நினைத்தாள். வார்த்தை வந்தது.

"பெட்டிக்குள்ள இருந்துச்சு."

"எது?" என்றாள் மைதே.

"சாப்பாட்டுப் பொட்டலம். ஏழு. பெய்ஜ் தின்னாம பெட்டிக்குள்ள போட்டு வெச்சிருந்தா. புழு அதுல வந்தது. வீட்டுல இல்ல. படம் எடுக்கறதுக்காகத் தரையில கொட்டினா."

"பொய்!" பெய்ஜ் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்தாள். "அவளும் கையெழுத்துப் போட்டிருக்கா, பாருங்க!"

"ஆமா, போட்டேன்."

மைதே இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பெண்கள் எழுதிக் கொடுத்த புகார்க் காகிதத்தை எடுத்து இரண்டாகக் கிழித்துக் கைப்பைக்குள் போட்டாள். "இதுக்கு மேல இது செல்லாது. என்கார்னி, உங்க பேரு அப்படியேதான் இருக்கும். நீ, பெய்ஜ், இப்பவே என்கூட அலுவலகத்துக்குக் கிளம்பு." பிறகு கொரினைக் கேட்டாள்: "உனக்கு எப்பத்திலிருந்து தெரியும்?"

"பெய்ஜ் போர்ட்டோ போனப்ப. அந்த வெள்ளிக்கிழமை."

என்கார்னியின் உதடு அசைந்தது. வெள்ளி, அதற்கு மறுநாள் 'காலிப் பெட்டி' என்ற சனி என்று அவள் நாளைக் கூட்டுகிறாள் என்பது கொரினுக்குப் புரிந்தது. என்கார்னி கண்ணாடியைக் கழற்றி மடக்கினாள். படம் பார்த்தபோதுகூட அவள் முகம் அப்படிச் சுளிக்கவில்லை.

"என்கார்னி, நான் அன்னிக்கே…" கொரின் அவள் கையைத் தொடப் போனாள். என்கார்னி கையை இழுத்துக்கொண்டாள், ஈரமான ஏதோ பட்டுவிடப் போவதுபோல. மடியிலிருந்த மேஜைத் துணியை விலக்கி எழுந்தாள். ஆணியில் தொங்கிய கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு பொத்தானாக மாட்டினாள். கைப்பையை எடுத்தாள்.

அந்த மூவரையும் தன் வீட்டில் அப்படியே விட்டுவிட்டு, அவள் படியிறங்கிப் போனாள்.