மடியில் வைத்த பை

பேரளியில் பஸ் நின்றதும் கல்லூரிப் பிள்ளைகள் முண்டியடித்து ஏறினார்கள். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த சிவரஞ்சனிக்குச் சிரிப்பு வந்தது. ஆறு வருஷத்துக்கு முன்னால் அவளும் இதே நிறுத்தத்தில் இப்படித்தான் ஏறினாள். இப்போது பெரம்பலூரில் குடியிருந்து அரியலூருக்கு வேலைக்குப் போகிறாள். பஸ் கிளம்பும் இடத்திலேயே ஏறுவதால் உட்கார இடம் கிடைத்துவிடுகிறது.

அப்போதெல்லாம் உட்கார்ந்து போனதாக நினைவே இல்லை. நிற்கிறவர்கள் பையை உட்கார்ந்திருப்பவர் மடியில் கொடுத்துவிடுவார்கள். யார், எவர் என்று பார்ப்பதில்லை. ஒருவர் மடியில் நாலு பை இருக்கும். யாருடைய டப்பாவிலிருந்தோ புளிக்குழம்பு வாசம் வரும். எதிரே சிமெண்டு லாரி வந்தால் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் துப்பட்டாவால் மூக்கை மூடுவார்கள். கல்லூரியைவிட அந்தப் பயணம்தான் இன்றும் கண்ணில் நிற்கிறது.

இரண்டாம் வருஷத்தில் மூன்றாவது சீட்டில் ஒருவன் உட்கார ஆரம்பித்தான். இஸ்திரி போட்ட சட்டை, அதிகம் பேசாத முகம். அவளைப் பார்த்ததும் கையை நீட்டுவான். அவளும் பையைக் கொடுத்துவிடுவாள். நல்ல மனிதன் என்றே நினைத்தாள்.

ஒரு நாள் தெரியாத எண்ணிலிருந்து செய்தி வந்தது: ‘இன்னைக்கு எலுமிச்சை சாதமா?’ அவள் டப்பாவை அதுவரை திறக்கவே இல்லை. ரெக்கார்டு நோட்டின் முதல் பக்கத்தில் பெயரும் போன் நம்பரும் எழுதுவது எல்லோருக்கும் வழக்கம். அவன் பையைத் திறந்து அதிலிருந்துதான் எண்ணை எடுத்திருக்கிறான். அந்த எண்ணைத் தடுத்தாள். வேறு எண்ணிலிருந்து வந்தது. அரை மணி முன்னால் வரும் பஸ்ஸுக்கு மாறினாள். இரண்டே நாளில் அதிலும் அவன் இருந்தான். கல்லூரி வாசல் டீக்கடையிலும் நின்றான். பஸ் தோழிகள், “உன் ஆளு சீட்டுப் புடிச்சு வச்சிருக்காருடி” என்று கிண்டல் செய்தார்கள். முதலில் அவளும் சேர்ந்து சிரித்தாள். பிறகு சிரிக்க முடியவில்லை.

வீட்டில் சொல்லப் பயம். முந்தைய வருஷம்தான் பெரியப்பா மகளுக்கு எவனோ கடிதம் போட்டான் என்று படிப்பை நிறுத்திக் கல்யாணம் செய்து வைத்தார்கள். சொன்னால் தனக்கும் அதே கதிதான் என்று நினைத்தாள்.

வகுப்புத் தோழி மர்ஜியா லப்பைக்குடிக்காட்டுக்காரி, கல்லூரி விடுதியில் தங்கிப் படித்தவள். பஸ் கிண்டல் எதுவும் அவள் காதுக்கு எட்டியதில்லை. ஒரு வாரமாக சிவரஞ்சனி டப்பாவைத் திறக்காமலே திரும்பப் பையில் வைப்பதை அவள்தான் கவனித்தாள். விஷயத்தைக் கறந்துவிட்டாள். நானாகத்தானே பையைக் கொடுத்தேன், தப்பு என் மேலும்தானே என்று சிவரஞ்சனி அழுதாள்.

“நீ பையக் குடுத்த. அவன் தொறந்தான். ரெண்டும் வேறடி,” என்றாள் மர்ஜியா.

தேதி போட்டு எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதச் சொன்னாள். எழுதியபோது இரண்டு பக்கம் நிரம்பியது. தனித்தனியாகச் சின்னதாகத் தெரிந்தவை வரிசையாக நின்றபோது சிவரஞ்சனி முதல் வரியிலிருந்து மறுபடி படித்தாள்.

இருவரும் கல்லூரியின் புகார் குழுவில் இருந்த சாந்தா மேடத்திடம் போனார்கள். அவர் முழுக்கப் படித்தார். வேண்டாம் என்ற பிறகும் பின்தொடர்வதே குற்றம், தொட்ட பிறகுதான் சொல்ல வேண்டும் என்பதில்லை என்றார். அங்கிருந்தே 181 மகளிர் உதவி எண்ணுக்குப் பேச வைத்தார். மகளிர் காவல் நிலையத்துக்குத் தானும் வருவதாகச் சொன்னார். வீட்டில் சொல்வதை மட்டும் அவளுடைய முடிவுக்கே விட்டார்.

அன்று சாயங்காலமே புதிய எண்ணிலிருந்து ஒரு படம் வந்தது. சிவரஞ்சனி வீட்டு மக்காச்சோளக் காடு. அதன் நடுவே குனிந்து நிற்கும் அப்பாவின் முதுகு.

அவள் நேராகக் காட்டுக்குப் போய் நோட்டை அப்பாவிடம் நீட்டினாள். அப்பா செல்லதுரை வரப்பில் உட்கார்ந்து வரிவரியாக விரல் வைத்துப் படித்தார். படித்து முடித்ததும் நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டார். தன் கல்லூரிப் படிப்பு இதோடு முடிந்தது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

“நீ எங்கிட்ட சொல்ல மாட்டேன்னு அவனுக்குத் தெரிஞ்சிருக்கு,” என்றார். “அந்தத் தைரியத்துலதான் சுத்திருக்கான். நாளைக்கு எத்தனை மணிக்குப் போவணும்?”

மறுநாள் மேடமும் மர்ஜியாவும் உடன் இருக்க, புகாரில் அவளே கையெழுத்துப் போட்டாள். வழக்குப் பதிவானது. அதற்குப் பிறகு அவன் அந்தப் பக்கம் வரவில்லை.

வழக்குப் போட்ட பிறகும் மூன்றாவது சீட்டைப் பார்த்தாலே அவள் பஸ்ஸின் பின்பக்கம் நகர்ந்து நின்றாள். ஒரு நாள் அப்பா விடியலிலேயே வண்டியில் பெரம்பலூர் போனார். பேரளியில் பஸ் நின்றபோது அந்த மூன்றாவது சீட்டில் வெள்ளை வேட்டியோடு உட்கார்ந்திருந்தார். அப்படியே பத்து நாள் வந்தார். முதல் நாள் பிள்ளைகள் தயங்கினார்கள். மூன்றாம் நாள் அவர் மோவாய் வரை பை ஏறிவிட்டது.

“பாரமா இல்லீங்களா மாமா?”

“சோள மூட்டைய விடவா?”

ஒவ்வொரு பையின் ஜிப்பும் அதன் சொந்தக்காரிக்குத் தெரியும்படி திருப்பி வைப்பார். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. நோட்டைப் படித்திருந்தார், அவ்வளவுதான்.

“அக்கா, கொஞ்சம் வச்சுக்கிறீங்களா?” இன்று பேரளியில் ஏறிய ஒரு பெண் கம்பியைப் பிடித்தபடி பையை நீட்டினாள்.

சிவரஞ்சனி வாங்கி மடியில் வைத்தாள். ஜிப் இருந்த பக்கத்தை அந்தப் பெண்ணைப் பார்க்கத் திருப்பினாள்.