முகம் சுளிக்கும் தண்ணீர்

மட்டாஞ்சேரியில் நௌரின் வீட்டுக் குழாயில் கண்ணும் மூக்கும் வைத்த தண்ணீர் வரத் தொடங்கியது மிதுன மாத மழையில், மத்தி விலை ஏறிய வாரம். நல்ல நீல நிறம், பபிள்கம் வாசனை. அழுக்கைக் கண்டால் மட்டும் மூக்கைச் சுருக்கி ஒதுங்கிக்கொள்ளும். மீன் சட்டியில் விழாது, எச்சில் தட்டில் இறங்காது, கக்கூஸ் பக்கம் எட்டியும் பார்க்காது. வீடு நாறிப்போனது. பள்ளுருத்தியிலிருந்து வந்த பிளம்பர் பிச்சைமணி குழாயைக் கழற்றி மாட்டிவிட்டு, "பைப்புல ஒண்ணுமில்லக்கா, தண்ணிக்குத்தான் கொழுப்பு" என்று சொல்லிச் சாயா குடிக்கப் போய்விட்டார். லாரித் தண்ணீர் வாங்கினாலும் வாசற்படி தாண்டியதும் அதற்கும் கண் முளைத்தது.

நௌரினுக்கு அந்த மூஞ்சி தெரியும். வரைந்ததே அவள்தான். இடப்பள்ளியில் அவள் வேலை பார்க்கும் அனிமேஷன் கம்பெனி குழந்தைகளுக்கு ஒரு மாயாஜாலத் தொடர் எடுத்தது. அதில் நெருப்பு முன்கோபிப் பையன், காற்று வாயாடி, மண் ஒரு தடிமக்கு, தண்ணீர் இளவரசி. இளவரசிமேல் ஒரு பொட்டு அழுக்குப் படக்கூடாது என்று உத்தரவு. கடலேற்றத்தில் வீட்டுக்குள் வரும் கறுப்புத் தண்ணீரில் டயப்பரும் செத்த எலியும் மிதப்பதைப் பார்த்து வளர்ந்தவள், சம்பளத்துக்காக அந்தப் பொய்யை வரைந்தாள்.

அவளைப் பெற்ற அத்தா சிகாபுதீன் பக்கவாதம் வந்து படுத்த படுக்கையாகக் கிடந்தார். துடைக்க வாளியைக் கொண்டுபோனால் தண்ணீர் அவரைக் கண்டு விளிம்பில் ஏறி நின்றது. மலம் முதுகில் காய்ந்து, புண்ணாகி, ஈ மொய்த்தது. நௌரினுக்குக் குமட்டியது. அதைவிட அந்த இளவரசியைப் பார்க்கத்தான் அருவருப்பாக இருந்தது. "எங்க அத்தாவப் பாத்தா மூஞ்சி சுளிக்கிறே, சனியனே?" என்று வாளியை எட்டி உதைத்தாள்.

"அதெ ஏசாத மோளே" என்றார் அத்தா. "தெனமும் நீ காட்டுற மொகந்தானே அது."

மேஜையில் கண்ணாடி வைத்து, தன் முகத்தைக் கோணி, அதைப் பார்த்துத்தான் கம்பெனியில் எல்லோரும் வரைவார்கள். இளவரசியின் சுளிப்புக்காக அவள் நினைத்துக்கொண்டது, காலையில் மாற்றிய அத்தாவின் மலத்துணியை.

அத்தாவின் முதுகில் இருந்ததை வெறுங்கையால் வழித்தாள். குமட்டல் தொண்டைவரை வந்தது. விழுங்கிக்கொண்டாள், முகம் அசையவில்லை. மூலையில் திரண்டு நின்ற தண்ணீர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு மெல்ல வந்து, கட்டிலேறி, அத்தாவின் முதுகை நனைத்தது.

அத்தா மௌத்தாகி, அடக்கம் செய்து வருடங்கள் ஆகின்றன. தண்ணீருக்குக் கண் இன்னும் இருக்கிறது. வீட்டுக்கு வந்து கை கழுவப் போகிறவர்களிடம் நௌரின் துவாலையைக் கொடுத்து, "மூஞ்சிய நேரா வெச்சுட்டுக் கொழாயத் தொறங்க" என்கிறாள். அவர்களும் அப்படியே திறக்கிறார்கள்.