கிளைடர் நல்லா இருக்கு

எஞ்சின் இல்லாத விமானத்தை ஒரு மனிதர் ஏன் ஓட்ட வேண்டும் என்று என்னைக் கேட்காதீர்கள். நான் பல் டாக்டர். வலிக்கிற பல்லைப் பிடுங்குவேன். என் வீட்டுக்காரரின் பைத்தியத்தைப் பிடுங்க இன்னும் கருவி வரவில்லை.

சனிக்கிழமையானால் இன்னொரு விமானத்தில் கயிறு கட்டி இவரது கிளைடரை மேலே இழுத்து விடுவார்கள். மலையில் மோதி எழும்பும் காற்றில் அதுவும் எழும்பும். காற்று இருக்கும்வரை ஐயா ராஜா. காற்று கைவிட்டால் கண்ணில் பட்ட வயலில் இறங்கிவிட்டு எனக்குப் போன் போடுவார். நான் கிளினிக்கைச் சாத்திவிட்டு, நீளமான டிரெய்லரைக் காரில் மாட்டிக்கொண்டு போய், இறக்கைகளைக் கழற்றி ஏற்றி, ராஜாவையும் அள்ளிக்கொண்டு வர வேண்டும். வயல்காரரிடம் திட்டு வாங்குவதும் என் இலாகாதான். இவர் அப்போது மேகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

அதெல்லாம்கூடப் போகட்டும். போனை எடுத்ததும் இவர் சொல்லும் முதல் வாக்கியம்தான் என் வயிற்றெரிச்சல். "கிளைடர் நல்லா இருக்கு." கல்யாணமான நாளிலிருந்து இதுதான். பெண்டாட்டி தவித்துப்போயிருப்பது கிளைடருக்காகத்தான் என்று யார் இவருக்குச் சொன்னார்களோ.

"ஒரு தடவையாவது 'நான் நல்லா இருக்கேன்'னு சொல்லுங்களேன். முத்தா உதிர்ந்துடும்?" என்று கேட்டும் பார்த்தேன்.

"அதான் பேசறேனே. நல்லா இல்லாமலா பேசறேன்?" என்றார்.

போன சனிக்கிழமை ஒரு வக்கீல் நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டு படுத்திருந்தார். கிளப் செயலாளரின் போன் வந்தது.

"மேடம், பதட்டப்படாதீங்க."

இதைவிடப் பதட்டமான பேச்சு உலகத்தில் உண்டா?

"கணவாய்க்கு அந்தப் பக்கம் காத்து பயங்கரமா கீழ தள்ளுது. சாரோட சிக்னல் மலைச்சரிவுல அப்படியே நின்னுபோச்சு. ரேடியோவுலயும் பதில் இல்ல."

"நின்னுபோச்சுன்னா என்ன அர்த்தம்?"

"ஆள் அனுப்பியிருக்கோம், மேடம்."

நடுங்கும் கையை அடுத்தவர் வாய்க்குள் விடக் கூடாது. பஞ்சை வைத்து வக்கீலை அனுப்பிவிட்டேன். பாவம், வாய் மரத்திருந்ததால் அவரால் வாதாட முடியவில்லை. அந்தப் பாழாய்ப்போன வாக்கியம் ஒரே ஒரு முறை காதில் விழுந்தால் போதும் என்றிருந்தது.

மறுபடியும் போன். யாருடைய எண்ணோ.

"நான் நல்லா இருக்கேன்," என்றார் இவர்.

அப்படியே நோயாளி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். இத்தனை வருஷம் கெஞ்சிக் கேட்டு வராத வாக்கியம், வந்ததும் பயத்தைத்தான் கொடுத்தது. சொல்வதற்கு வேறு நல்ல சேதி எதுவும் அவரிடம் மிச்சமில்லை என்று புரிந்தது.

போய்ப் பார்த்தேன். ஓர் இறக்கை பாறையில் முறிந்து கிடந்தது. வால் தனியாக, இன்னும் கீழே. கழற்றும் வேலையை இம்முறை அவரே எனக்கு மிச்சம் பண்ணியிருந்தார். கிளப் ஆட்கள் கைக்குத் தூளி கட்டி அவரை ஒரு கல்லின்மேல் உட்கார வைத்திருந்தார்கள்.

"வர்ற வழியில பாத்தேன். கணவாய்க்கு முன்னாடியே மைதானம் மாதிரி ஒரு வயல் இருக்கே. அதுல இறங்கினா என்னவாம்?"

தலையைக் குனிந்துகொண்டார். "இறங்கினா உன்னைக் கூப்பிடணும். டிரெய்லரை எடுத்துட்டு வரணுமான்னு நீ கத்துவே. கணவாயைத் தாண்டிட்டா நானே வந்து சேர்ந்துடலாம்னு பாத்தேன்."

ஆக, பழி என் தலையில். திட்டத்தான் வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது.

"கத்துவேன்! கத்தத்தான் செய்வேன்! கத்தினா காது வலிக்கும், உயிரா போயிடும்? இனிமே எந்த வயல் கெடச்சாலும் இறங்கித் தொலைங்க. போன் போட்டு 'கிளைடர் நல்லா இருக்கு'ன்னே சொல்லுங்க. எனக்கு அது போதும்."

அவர் மெதுவாக நிமிர்ந்தார். முகத்தில் ஒரு களை.

"இனிமேன்னா... இன்னொரு கிளைடர் வாங்கலாம்ங்கறியா?"

கழுத்தை நெரிப்பதற்குத்தான் இரண்டு கையையும் கொண்டுபோனேன். போன கைகள் அவரைக் கட்டிக்கொண்டு விட மாட்டேன் என்றன.

"ஐயோ, கை! கை வலிக்குதுடி!" என்று மலையே அதிரக் கத்தினார்.

நல்லாத்தான் இருந்தார்.