எப்சிபா சொன்ன சாட்சி

நாலு பேர் கூடிய இடத்தில் எப்சிபாவால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியாது. ஏலப்பாறைத் தேயிலைத் தோட்டத்தில் உருள் பொட்டி, மலை மண் சரிந்து, தொழிலாளர் லயம் ஒன்றின் கோடி வீட்டை வாரிக்கொண்டு போன பிறகு நடந்த ஜெபக் கூட்டத்தில், கர்த்தர் தங்களைக் காப்பாற்றிய விதத்தை ஆளாளுக்கு எழுந்து சாட்சி சொன்னார்கள். எப்சிபாவின் லயம் எதிர் மேட்டில் இருந்தது. அங்கே ஒரு ஓடுகூட நகரவில்லை. அதற்காகச் சும்மா உட்கார்ந்திருக்க மனசு வருமா? எழுந்தாள்.

“உருள் பொட்டுறதுக்கு முந்தியே நான் கனவுல கண்டேன். செவப்பு மண்ணு லயத்துக்குள்ள வந்துச்சு.”

அப்பட்டமான பொய். அந்த வாரம் அவள் கண்ட ஒரே கனவு, கல்யாணப் பந்தியில் தன் இலைக்கு மட்டும் கறி வராமல் போனதுதான். ஆனால் பாஸ்டர் “அல்லேலூயா” என்றார். மறுநாளிலிருந்து கொழுந்து பறிக்கிற இடத்தில் அவளுக்குத் தனி மவுசு. மகளை நர்சிங் படிக்க அனுப்பலாமா, ஜீப் வாங்கலாமா என்று கேட்டு வந்தார்கள். அவளும் கூசாமல் பதில் சொன்னாள்.

ஒரு நாள் அங்கேயே செபமாலையம்மாள் அவளைத் தேடி வந்தாள். மண்ணோடு போன கோடி வீடு அவளுடையது. அவள் அக்காவுக்குத் துணையாக ஆஸ்பத்திரியில் இருந்த நேரம், மகன் ஜோமோன் வீட்டில் தனியாகத் தூங்கிக்கொண்டிருந்தான்.

“ஏட்டி எப்சி, நீ கனவு கண்டது நெசந்தானா?”

இப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். சுற்றிலும் பெண்கள் கொழுந்துச் சாக்கோடு பார்த்துக்கொண்டு நின்றார்கள். எப்சிபா தலையாட்டினாள்.

“பெறகு ஏன்ட்டி யார்ட்டயும் சொல்லல?”

“சும்மா கனவுதானேன்னு இருந்துட்டேன்க்கா.”

அடிக்கப் போகிறாள் என்று நினைத்தாள். செபமாலையம்மாள் அவளைத் தேயிலைச் செடிகளுக்குப் பின்னால் தனியே இழுத்துப் போனாள். இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதாள்.

“நானும் கண்டேன்ட்டி. அதே மண்ணு. அவன் கட்டில் வரைக்கும் வந்துச்சு. சொன்னா சிரிப்பான்னு பேசாம ஆஸ்பத்திரிக்குப் போயிட்டேன். பெத்தவளே புள்ளயச் சாகக் குடுத்துட்டேனேன்னு தெனம் செத்துக்கிட்டு இருந்தேன். நீயும் கண்டுட்டுச் சொல்லலன்னு கேள்விப்பட்டப்புறம்தான் எனக்கு ஒரு வாய் சோறு எறங்குச்சு.”

எப்சிபாவுக்கு உடம்பெல்லாம் கூசியது. அந்தக் கைகளின் பிடியைத் தாங்க முடியவில்லை. உள்ளதைச் சொல்லிவிட்டால் நெஞ்சு லேசாகிவிடும் என்று நினைத்தாள். அப்போதும் அவளுக்குத் தன் நெஞ்சைப் பற்றித்தான் நினைப்பு.

“அக்கா, என்ன மன்னிச்சிரு. நான் ஒரு கனவும் காணல. கூட்டத்துல பெருமைக்குச் சொன்ன பொய்யிக்கா அது. கனவெல்லாம் எங்கக்கா பலிக்குது?”

செபமாலையம்மாளின் அழுகை நின்றது. கைகளை மெல்ல உருவிக்கொண்டாள்.

“எனக்குப் பலிச்சிருச்சே எப்சி,” என்றாள். “அப்போ, கண்டும் சொல்லாம இருந்தது நான் மட்டுந்தானா?”

அதற்குச் சொல்ல எப்சிபாவிடம் ஒரு பொய்கூட இல்லை.