குடை மறைத்த நேரம்

வரதராஜப் பெருமாள் கோயில் கோபுர வாசலுக்கு நேர் எதிரே, மூன்றாவது வரிசையில், சுகாசினி போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து நின்றாள். விடிய இன்னும் கொஞ்சம் இருந்தது. கதவு திறக்கவில்லை. சின்ன காஞ்சிபுரம் முழுக்க அந்த ஒரு கதவைப் பார்த்துக்கொண்டிருந்தது.

போனுக்குள் கடல் இருந்தது.

கடலில் ஓர் எண்ணெய்க் கப்பல். அதன் பின்தளத்தில் அவள் புருஷன் கலைவாணன். தறிக்கார வீட்டில் பிறந்து, ஐ.டி.ஐ. படித்து, ஃபிட்டராகக் கப்பலேறியவன். போர் வந்து வளைகுடாவின் வாய் அடைபட்டதிலிருந்து பத்தொன்பது நாளாக அவன் கப்பல் நங்கூரம் போட்டு நிற்கிறது. முன்னால் போக வழியில்லை. திரும்ப உத்தரவில்லை. பின்தளத்தில் ஒரு மூலையில் மட்டும் சிக்னல் கிடைக்கும். அந்த மூலையில் அவன் முகம் தெரியும்வரை உயிரோடிருக்கிறான் என்று அவளுக்கு ஒரு கணக்கு.

வைகாசிக் கருட சேவையை அவன் ஒரு வருஷமும் விட்டதில்லை. கப்பல் வேலைக்குப் போன பிறகும் விடுப்பு வாங்கிக்கொண்டு வந்துவிடுவான். இந்த வருஷம்தான் முடியவில்லை.

"இன்னா சுகா, மேளம் கேக்குது. வந்துட்டாரா?"

"இல்ல மாமா. கதவு மூடிக்கினு இருக்குது."

"கைய ஆட்டாத. கோபுரம் தண்ணில மெதக்குற மாதிரி தெரியுது."

"இடிக்கிறாங்க. நான் இன்னா பண்ணுவேன்?"

பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "யம்மா, பெருமாளப் பாக்க வந்தியா, போனப் பாக்க வந்தியா? கைய எறக்குமா."

சுகாசினியின் மாமியார் லோகாம்பாள் திரும்பினாள். "எம்புள்ள கப்பல்ல இருக்குறான்பா. அவன் பாக்க வேணாமா?"

"பாக்கட்டும். அதுக்கு நான் பாக்காம போவணுமா?"

"உனுக்கு அடுத்த வருஷம் காட்டுறேன். சும்மா இரு."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். போனுக்குள் கலைவாணனும் சிரித்தான். அவன் தலைக்குப் பின்னால் வானத்தின் ஓரம் ஒரு முறை வெளுத்து அணைந்தது.

"அது இன்னா மாமா, பின்னால? வாணமா?"

அவன் திரும்பிப் பார்த்தான். கேமராவை மாற்றி அவளுக்கும் காட்டினான்.

தூரத்தில் நான்கு போர்க்கப்பல்கள் நின்றன. யாருடையவை என்று அவனுக்குத் தெரியாது. அவற்றிலிருந்து ஒளி இழை இழையாக மேலே போனது. தறியில் விரித்த கருநீலப் பாவில் யாரோ ஜரிகை ஓட்டிக்கொண்டிருந்தார்கள். மேலே புள்ளிகள் வந்தன. ஆளில்லாத சின்ன விமானங்கள் முதலில், ஆள் ஓட்டும் பெரியவை பிறகு. இழை ஒன்று புள்ளியைத் தொட்டது. புள்ளி விரிந்து, செம்பருத்தி நிறமாகி, அவசரமில்லாமல் இறங்கியது. கடல் அதை வாங்கிக்கொண்டது. கப்பல் ஒன்றின் நடுவில் வெளிச்சம் எழுந்து அப்படியே நின்றது. எதற்கும் சத்தமில்லை. எல்லாம் முடிந்த பிறகு சத்தம் வந்தது, அடுத்த தெருவில் யாரோ கதவைச் சாத்தியதுபோல.

"அழகா இருக்குது சுகா," என்றான் கலைவாணன். உடனே, "அப்படிச் சொல்லக் கூடாது. அதுக்குள்ள ஆளுங்க இருக்காங்க," என்றான்.

அவன் கப்பலில் மணி அடிக்க ஆரம்பித்தது. விடாமல் அடித்தது. அந்த மணி அடித்தால் எல்லாரும் கீழே இறங்கி இரும்புக் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும். முதல் வாரமே அவளுக்குச் சொல்லியிருந்தான். ஆட்கள் ஓடும் சத்தம் கேட்டது. யாரோ அவன் தோளைப் பிடித்து இழுத்தார்கள். அவன் உதறிவிட்டு மறுபடியும் தன் முகத்துக்குக் கேமராவைத் திருப்பினான்.

"கீழ போ மாமா."

"கீழ சிக்னல் இல்ல. பாத்துட்டுப் போறேன்."

அப்போது கதவு திறந்தது.

"கோவிந்தா!" என்று தெருவே எழுந்தது. கோபுரத்துக்கு மேல் வாணங்கள் வெடித்தன. தீவட்டிப் புகைக்குள் கருடனின் இறக்கை தெரிந்தது. அதற்கு மேல் ஒரு மினுக்கம். சுகாசினி இரண்டு கையாலும் போனைத் தூக்கினாள். கோபுரத்தின் மேலும் நெருப்பு, திரையில் அவன் தலைக்கு மேலும் நெருப்பு. எது எந்த வானம் என்று ஒரு கணம் அவளுக்குத் தெரியவில்லை.

"புகைதான் தெரியுது சுகா. மூஞ்சி தெரில."

அதற்குள் குடைகள் தாழ்ந்தன.

அது இந்த வாசலின் வழக்கம். தொட்டாச்சாரியார் என்ற பக்தர் சோளிங்கரிலிருந்து வருஷந்தவறாமல் கருட சேவைக்கு வருவார். ஒரு வருஷம் உடம்பு முடியாமல் அங்கே குளக்கரையில் நின்று அழுதார். பெருமாள் இங்கிருந்தபடியே அங்கே போய்க் காட்சி கொடுத்தாராம். அதற்காக இன்றைக்கும் பெருமாளைக் குடையால் கொஞ்ச நேரம் மறைப்பார்கள். அந்த நேரத்தில் குடைக்குப் பின்னால் அவர் இல்லை. வர முடியாதவனிடம் போயிருக்கிறார்.

தெரு அடங்கியது. எல்லாரும் குடையையே பார்த்தார்கள். கலைவாணனும் பார்த்தான். அவன் முதுகுதான் கடலைப் பார்த்திருந்தது.

சுகாசினி அவன் தோளுக்குப் பின்னால் ஒரு புள்ளியைப் பார்த்தாள். மற்றவைபோல அது விழவில்லை. பக்கவாட்டிலும் நகரவில்லை. இருந்த இடத்திலேயே பெரிதாகிக்கொண்டிருந்தது.

"மாமா, பின்னால பாரு. உள்ள போ."

"குடையை எடுக்கட்டும்."

"மாமா!"

"ஒரு நிமிஷம்டி. இதுக்குத்தான் இத்தன நாளா காத்துக்கினு இருந்தேன்."

அவன் கண் குடையை விட்டு நகரவில்லை. போன் தூக்கியிருக்கும்வரை நகராது. இந்தக் கைதான் அவனை அங்கே நிறுத்தி வைத்திருக்கிறது.

"மாமா, அவரு இப்ப இங்க இல்ல. உன்னாண்டதான் வந்துக்கினு இருக்காரு. நீ கீழ போ. கீழ வந்து பாப்பாரு."

அழைப்பைத் துண்டித்தாள்.

உடனே போன் அதிர்ந்தது. அவன்தான். அவள் எடுக்கவில்லை. நின்று, மறுபடியும் அதிர்ந்தது.

"அவன்தான? எடுடி," என்றாள் லோகாம்பாள்.

"எடுக்க மாட்டேன் அத்த."

"பைத்தியமா புடிச்சிருக்குது உனுக்கு?"

"எடுத்தா அங்கயே நிப்பாரு அத்த."

மூன்றாவது முறை பாதியில் நின்றது. பிறகு அதிரவில்லை.

குடைகள் எழுந்தன. கைகள் எல்லாம் மேலே போயின. பெருமாள் அவர்களைத் தாண்டித் தெருவில் இறங்கினார். சுகாசினி கறுத்த திரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

கூட்டம் அவருக்குப் பின்னால் போய்விட்டது. தெருவில் செருப்புகளும் துளசியும் கிடந்தன. இருவரும் சாத்தியிருந்த ஒரு கடைப் படியில் உட்கார்ந்தார்கள். வெயில் வந்தது. யாரோ மோர் கொடுத்தார்கள். லோகாம்பாள் திட்டவில்லை. மருமகளின் மடியிலிருந்த போனை மட்டும் பார்த்தாள். திட்டியிருந்தால் சுகாசினிக்குத் தேவலாம்போல இருந்தது. அவனைக் கீழே அனுப்பினேனா, கடைசியாகப் பார்க்கவிடாமல் தடுத்தேனா என்று அவள் தன்னையே கேட்டுக்கொண்டிருந்தாள். வெளிச்சம் அதிகமாக அதிகமாகத் தெரு தண்ணீராக அசைந்தது.

ஒன்பதரைக்குச் செய்தி வந்தது.

"ஏன்டி கட் பண்ண?"

சுகாசினி அதை நான்கு முறை படித்தாள். ஐந்தாவது முறை மாமியாருக்காக வாய்விட்டுப் படித்தாள். லோகாம்பாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

அடுத்தது வந்தது. "பின்தளம் போச்சு. கருகிக் கெடக்குது. நாங்க எல்லாம் கீழ இருந்தோம். ஒண்ணும் ஆவல. இப்ப முன்பக்கம் வந்து சிக்னல் புடிச்சேன்."

அதற்கடுத்து, "உம்மேல கோவமா இருக்குறேன். குடை எடுத்தப்போ எப்படி இருந்தாரு?"

அவள் எழுதினாள், அழித்தாள். கடைசியில் உள்ளதை எழுதினாள்.

"நான் பாக்கல மாமா."

பதில் வந்தது.

"சரி. நானும்தான்."

லோகாம்பாள் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "நானும் எங்க பாத்தேன்? உன் கையத்தான் பாத்துக்கினு இருந்தேன். எழுந்திருடி. பெருமாள் இந்நேரம் பெரிய காஞ்சிபுரம் போயிருப்பாரு. ஷேர் ஆட்டோல போனா எதிர்ல போய் நின்னுடலாம். அவனுக்குப் போன் போடு."

"இருங்க அத்த," என்றாள் சுகாசினி. "அங்க மணி அடிக்குதான்னு மொதல்ல கேக்குறேன்."