பன்னிரண்டு வாய்கள்

எங்கள் ஊர் டிவியில் வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்கு. எங்கள் ஊர் என்று யாருக்கும் தெரியாமல் வந்தது.

நிகழ்ச்சியைக் குறை சொல்லமாட்டேன். பூமிக்கடியில் பாறை எப்படிக் கிடக்கிறது, ஆயிரம் அடிக்குப் போர் போட்டால் எந்தக் காலத்துத் தண்ணீர் மேலே வருகிறது, அது வரும் வழியில் பாறையிலிருந்து ஃப்ளோரைடை எப்படிக் கரைத்துக்கொண்டு வருகிறது என்றெல்லாம் படம் போட்டுக் காட்டினார்கள். நான் பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். மூன்று வருடம் நோட்ஸ் எழுதிப் புரியாதது நாலு நிமிடத்தில் புரிந்தது. அதற்கே எனக்குக் கோபம் வந்தது.

பிறகு வாய்கள் வந்தன. முகம் கிடையாது. மூக்குக்குக் கீழே, தாடைக்கு மேலே, பன்னிரண்டு வாய்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்து காட்டின. பழுப்பு, காப்பித்தூள் நிறம், சிலதில் சுண்ணாம்புத் திட்டு, சிலதில் குழி. ஐந்தாவது வாய் என்னுடையது. திரையின் அடியில் எழுத்து ஓடியது: திண்டுக்கல் மாவட்டத்தில் ஒரு கிராமம்.

அந்த 'ஒரு கிராமம்' நாங்களே கேட்டு வாங்கியது.

படம் எடுக்கச் சென்னையிலிருந்து ரோசலின் என்ற இயக்குநர் பங்குனியில் வந்தார். ஊர் மந்தையில் கூட்டம் போட்டுப் பேசினார்கள். பஞ்சாயத்துத் தண்ணீர்த் தொட்டிக்கு மோட்டார் போடும் மலைச்சாமி மாமாதான் எழுந்து சொன்னார்.

"படம் எடுங்க தாயி, வேணாங்கல. ஊர் பேரும் வரக்கூடாது, மூஞ்சியும் வரக்கூடாது. கட்டிக் குடுக்க வேண்டிய பொண்ணு மட்டும் இந்த ஊர்ல பத்தொம்பது இருக்கு."

"பேரு இல்லாம படம் எதுக்கு?" என்று நான் கேட்டேன்.

"நீ உக்காரு. உனக்கென்ன, படிச்ச புள்ள."

"படிச்ச புள்ளைக்கும் இதே பல்லுதான் மாமா."

சிரித்தார்கள். ஆனால் அவர் சொன்னதுதான் நடந்தது. படத்தில் வாய் காட்டும் பன்னிரண்டு பேரும் எழுத்தில் சம்மதித்தால் ஒழிய ஊர் பெயரை யாருக்கும் தருவதில்லை என்று ரோசலின் எழுதிக் கொடுத்தார். சின்னப் பிள்ளைகளுக்குப் பெற்றவர்கள் கையெழுத்துப் போட்டார்கள்.

அவர்கள் பயத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. என் அம்மா கண்ணம்மாளுக்குப் பல் வெள்ளை. கிணற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்தவள். கிணறு வற்றி, முந்நூறு அடி, அறுநூறு அடி, ஆயிரம் அடி என்று போர் இறங்கிய பிறகு பிறந்த எங்களுக்கெல்லாம் கறை. பெண் பார்க்க வருகிறவர்கள், "புள்ள வெத்தல போடுமோ?" என்று கேட்பார்கள். ஒரு தனியார் பள்ளியில் டீச்சர் வேலைக்குப் போனபோது, "மார்க்கெல்லாம் சரிம்மா, பிள்ளைங்க முன்னாடி நிக்கணும்ல" என்றார்கள். பல் விளக்காதவளாகத்தான் என்னைப் பார்த்தார்கள். செங்கல்தூள் போட்டுத் தேய்த்தாலும் போகாத கறை இது. எனாமலுக்கு உள்ளேயே இருக்கிறது.

நிகழ்ச்சி வந்து மூன்றாவது வாரம் அரசாங்கம் அசைந்தது. நான் கையால் எழுதிக் கொடுத்த இரண்டு மனுவுக்கும் அசையாதது, டிவியில் வந்ததும் அசைந்தது. நிகழ்ச்சியில் காட்டப்பட்ட கிராமத்துக்குத் தண்ணீர் சுத்திகரிக்கும் பிளான்ட் ஒன்று ஒதுக்கியிருக்கிறார்கள் என்று பேப்பரில் வந்தது. ஊரே சந்தோஷப்பட்டது. மறுநாள் அந்தப் பிளான்ட் சங்கிலியாபுரத்துக்குப் போகிறது என்று தெரிந்தது.

சங்கிலியாபுரம் எங்களுக்குக் கிழக்கே மூன்று கிலோமீட்டர். அவர்களுக்குத் தண்ணீர் குறைவு, ஆனால் கெட்டதில்லை. ஒருவருக்கும் பல்லில் கறை கிடையாது. அந்த ஊர் முக்கியஸ்தர் பாண்டியராஜ், படத்தில் வந்தது தங்கள் ஊர்தான் என்று மனுக் கொடுத்துவிட்டார்.

நான் வடமதுரைக்குப் பஸ் ஏறினேன். அங்கே பிளான்ட் வேலையைப் பார்க்கிற அரசாங்க இன்ஜினியர் மரியாதையான மனிதர். உட்காரச் சொல்லி, பாண்டியராஜின் மனுவைக் காட்டினார். கூடவே டிவித் திரையைப் போட்டோ எடுத்து ஒட்டியிருந்தார்கள்: மேலேயிருந்து எடுத்த தண்ணீர்த் தொட்டி, மஞ்சள் பெயின்ட்.

"இந்த மாதிரித் தொட்டி இந்தச் சுத்துவட்டாரத்துல முப்பது இருக்கும் சார்."

"இருக்கலாம்."

"சங்கிலியாபுரத்துல ஒருத்தர் வாயத் தொறந்து பாத்தீங்களா?"

"நான் பல் டாக்டர் இல்லம்மா." அவர் சிரிக்கவில்லை, நிஜமாகவே சொன்னார். "ஆர்டர்ல நிகழ்ச்சியில் வந்த கிராமம்னு இருக்கு. அவங்க நாங்கன்னு சொல்றாங்க. உங்க ஊர்லருந்து இதுவரைக்கும் யாரும் வந்து சொல்லல. டிவிக்காரங்க லெட்டர் ஒண்ணு வாங்கிட்டு வாங்க, எந்த ஊர்னு. வெள்ளிக்கிழமைக்குள்ள. அதுக்குமேல என் கையில இல்ல."

"விட்டுட்டா?"

"அடுத்த ஒதுக்கீடு வர ரெண்டு வருசம் ஆகும்."

வெளியே டீக்கடையில் பாண்டியராஜ் நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் டீ சொன்னார். வேண்டாம் என்றேன்.

"கோவிச்சுக்காத தாயி. பிளான்டு எங்க ஊர்ல வந்தா உங்களுக்கு ரெண்டு குடம் இல்லன்னா சொல்லப் போறோம்?"

"எங்க பல்லக் காட்டி நீங்க தண்ணி குடிப்பீங்க, நாங்க குடத்தத் தூக்கிட்டு வரணும்."

"உங்க பல்லுன்னு அதுல எங்க எழுதியிருக்கு?"

எழுதக்கூடாது என்று நாங்கள்தானே கேட்டோம்.

ரோசலினுக்குப் போன் போட்டேன். அவருக்கும் வருத்தம்தான்.

"எனக்குத் தெரியும் தமிழ்மதி, அது உங்க ஊர்னு. ஆனா எழுதிக் கொடுத்திருக்கேன். பன்னிரண்டு பேருக்கு. ஒருத்தர் வேண்டாம்னாலும் நான் சொல்ல முடியாது. பெயர் வெளிய வந்தா எல்லாருக்கும் சேர்த்துத்தானே வரும்?"

இதைக் கேட்டபோது அவர்மேல் கோபப்படக் காரணம் தேடினேன். கிடைக்கவில்லை.

அவர் பன்னிரண்டு வாய்களையும் தனித்தனிப் படமாக அனுப்பினார். பிரவுசிங் சென்டரில் பிரின்ட் போட்டேன். கடைப்பையன் ஒவ்வொரு தாளாக எடுத்து வைத்துவிட்டு, "அக்கா, டூத் பேஸ்ட் கம்பெனியா?" என்று கேட்டான். ஒவ்வொரு தாளின் அடியிலும் 'இது என் வாய். என் ஊர் கருவேலன்பட்டி' என்று எழுதி, கையெழுத்துக்குக் கோடு போட்டேன்.

செவ்வாய், புதன் இரண்டு நாளும் வீடு வீடாகப் போனேன். சிலருக்குத் தன் வாயே தெரியவில்லை. மூன்றாவது படத்துக்கு அண்ணனும் தம்பியும் சண்டை போட்டார்கள்.

"இது என் வாயி."

"ஏலே, உனக்கு முன்னாடி ஓட்டைடா. இது நல்ல வாயி. என்னுது."

அவர்கள் அம்மா வந்து தாளைத் தூரப் பிடித்துப் பார்த்து, மூத்தவன்தான் என்று தீர்ப்புச் சொன்னாள். ஒன்பது வயதுப் பிள்ளையின் வாய்ப் படத்தைப் பார்த்து அதன் அப்பா ஒன்றும் பேசாமல் பேனாவை வாங்கினார். பேச வேண்டியதை முந்தின நாளே அவர் மனைவி பேசிவிட்டிருக்க வேண்டும். சங்கிலியாபுரத்துக்காரர்கள் எங்கள் பிளான்டைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள் என்பதும் நன்றாக வேலை செய்தது. ஃப்ளோரைடைவிட அதுதான் எங்கள் ஊருக்குச் சட்டென்று உறைத்தது.

என் தாளில் நான் கையெழுத்துப் போடும்போது அம்மா பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பேரு தெரிஞ்சா ஒருத்தனும் பொண்ணு கேட்டு வர மாட்டான்னு சொல்லப்போறியா?" என்றேன்.

"நீ வாயத் தொறந்து பேசுனாலே ஓடிருவான். பல்லு என்ன, தனியாவா வெரட்டப் போவுது?" என்று சொல்லிவிட்டு வெஞ்சனம் நறுக்கப் போனாள்.

புதன் மாலை பதினொன்று சேர்ந்துவிட்டது. மிச்சம் ஒன்பதாவது வாய். பவித்ரா. மலைச்சாமி மாமாவின் இளைய மகள், என் கூடப் படித்தவள், வீட்டில் தையல் மிஷின் வைத்திருப்பவள். ஆவணியில் கல்யாணம்; இன்னும் இருபது நாள். மாப்பிள்ளை தண்டபாணி, தொப்பம்பட்டிப் பக்கம் தென்னந்தோப்புக்காரர். பெண் பார்க்க வந்த அன்றைக்குப் பவித்ரா உதட்டைப் பிரிக்காமலே காப்பி கொடுத்தாள். போட்டோவில் ஸ்டுடியோக்காரர் கம்ப்யூட்டரில் பல்லை வெள்ளையாக்கிக் கொடுத்தார். அந்தப் போட்டோவைத்தான் தண்டபாணி போனில் வைத்திருக்கிறார்.

தாளை மிஷின்மேல் வைத்தேன். அவள் தைப்பதை நிறுத்தவில்லை.

"கல்யாணம் முடியட்டும்டி. அப்புறம் பத்துக் கையெழுத்துப் போடுறேன்."

"நாளக்கழிச்சு கடைசி நாளு."

"தள்ளி வைக்கச் சொல்லேன்."

"சொன்னேன். அடுத்தது ரெண்டு வருசம் கழிச்சுத்தானாம்."

உள்ளே அவள் அக்காவின் குழந்தை தம்ளரில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. இரண்டு வயது.

"அவளுக்கு இப்ப இருக்கது பால்பல்லு," என்றேன். "அடுத்து வரப்போறது இப்பத்தான் ஈறுக்குள்ள உருவாகுது. இந்தத் தண்ணியில. ஏழெட்டு வயசுக்குள்ள எல்லாம் முடிஞ்சிரும். ரெண்டு வருசம்னா..."

"நிப்பாட்டு. நானும் அந்தப் படத்தப் பாத்தேன். எனக்கும் புரிஞ்சுச்சு." மிஷின் நின்றது. "நீ எல்லாத்துக்கும் கோவப்படுவ. கோவப்பட்டதும் உனக்குப் பாதி வேல முடிஞ்ச மாதிரி. எனக்கு அப்படி இல்ல மதி. அந்த வீட்டுல நான் போயி இருக்கணும்."

எனக்குச் சொல்ல நிறைய இருந்தது. மறைத்துக் கட்டுகிற கல்யாணம் எத்தனை நாளைக்கு, அது இது என்று. ஆனால் அவள் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. தாளை அங்கேயே வைத்துவிட்டு வந்தேன்.

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு அவளே வீட்டுக்கு வந்தாள். தாள் கையில் இருந்தது, கையெழுத்து இல்லை.

"என் படத்த என் போனுக்கு அனுப்பு."

அனுப்பினேன். அவள் அதைத் தண்டபாணிக்கு அனுப்பிவிட்டு, கீழே தட்டினாள்: 'இதுதான் என் பல்லு. போட்டோவில் இருக்கது ஸ்டுடியோக்காரர் விளக்கினது.' எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கு வரவில்லை.

பத்து நிமிடம் கழித்துப் போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஏனுங்க, இது வெளையாட்டுங்களா?"

"இல்லங்க. நெசந்தான்."

அந்தப் பக்கம் தேங்காய் வெட்டுக்காரர்களின் சத்தம் கேட்டது. அவர் கொஞ்சம் தள்ளிப் போனார் போலிருக்கிறது, சத்தம் குறைந்தது.

"வலிக்குங்களா?"

"பல்லு வலிக்காதுங்க. தண்ணியால வந்த கறை."

"அப்புறம் ஏனுங்க இத்தன நாளு சொல்லாம இப்பச் சொல்றீங்க?"

பவித்ரா எல்லாவற்றையும் சொன்னாள். படம், பிளான்ட், சங்கிலியாபுரம், கையெழுத்து. நடுவில் ஒரு தடவைகூட என்னைப் பார்க்கவில்லை. "நாளைக்கு ஊர் பேரு வெளிய வந்துரும். வேற ஆள் சொல்லி நீங்க கேக்க வேணாம்னுதான் கூப்புட்டேன்."

"எங்கம்மாகிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டுச் சொல்றனுங்க."

"கேளுங்க. அவங்க என்ன சொன்னாலும் நான் இதுல கையெழுத்துப் போடப்போறேன்."

போனை வைத்தாள். தாளைச் சுவரில் வைத்துக் கையெழுத்துப் போட்டாள். சுவர் சொரசொரப்பாக இருந்ததால் எழுத்து கோணலாக விழுந்தது.

"அம்மாட்ட கேக்குறானாமே," என்றேன்.

"நீ சும்மா இரு," என்றாள்.

தாள்களைப் போனில் படம் எடுத்து ரோசலினுக்கு அனுப்பினேன். கடிதம் வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு வந்தது. நாலேகாலுக்கு அது இன்ஜினியர் மேஜையில் இருந்தது. அவர் நிதானமாக வாசித்தார்.

"கருவேலன்பட்டின்னு தெளிவாப் போட்டிருக்காங்க. புதன்கிழமை தண்ணி எடுக்க வாரோம். டெஸ்ட் பண்ணிட்டு எடம் பாப்போம்."

பாண்டியராஜும் அங்கேதான் இருந்தார். கடிதத்தை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"மொதல்லயே நாங்கதான்னு சொல்லியிருந்தா நான் மனுவே போட்டிருக்க மாட்டேன் தாயி."

பாதி பொய். பாதி உண்மை. அந்தப் பாதி உண்மைதான் இன்றுவரை எரிகிறது.

சனி, ஞாயிறு, திங்கள், செவ்வாய். தொப்பம்பட்டியிலிருந்து பேச்சு இல்லை. ஊரில் ஆளுக்கொரு விதமாகப் பேசினார்கள். மலைச்சாமி மாமா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். எதிரே வந்தால் தோளில் கிடக்கும் துண்டை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டு போவார். பவித்ரா ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தாள். அவளுடைய கல்யாண ரவிக்கைதான் அது. தைத்து முடித்து ஊக்கும் வைத்துவிட்டாள்.

புதன்கிழமை பத்தரைக்கு ஜீப் வந்தது. இன்ஜினியரோடு லேபிலிருந்து ஒருவர் வெள்ளை பிளாஸ்டிக் பாட்டில்களோடு இறங்கினார். தொட்டியடியில் ஊரில் பாதி நின்றது. மலைச்சாமி மாமா மோட்டாரைப் போட்டார். போரிலிருந்து நேராக வருகிற குழாயைத் திறந்துவிட்டு, முதலில் கொஞ்ச நேரம் ஓட வேண்டும் என்றார் லேப்காரர். ஓடியது. பார்ப்பதற்குக் கண்ணாடி மாதிரித்தான் இருந்தது. குடித்தால் இனிக்கும். அதுதான் அதன் மோசம்.

"யாராவது ஒருத்தர் பாட்டிலப் புடிங்க," என்றார். குழாய்க்குப் பக்கத்தில் நின்றது பவித்ரா. பிடித்தாள். பாதி நிறைந்தபோது அவள் இன்னொரு கையில் இருந்த போன் அடித்தது. நான் எட்டிப் பார்த்தேன். தொப்பம்பட்டி என்று காட்டியது.

மலைச்சாமி மாமாவும் பார்த்துவிட்டார். "எடு தாயி. பாட்டில நான் புடிக்கிறேன்."

அவள் பாட்டிலைக் கொடுக்கவில்லை. போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டாள்.

"ஊர்ல தண்ணி எடுத்துக்கிட்டிருக்காங்க. செத்த நேரங்கழிச்சு நானே கூப்புடுறேன்," என்று சொல்லி வைத்துவிட்டு, லேப்காரரிடம் கையை நீட்டினாள்.

"மூடியக் குடுங்க சார்."