ஆறு மணி மாத்திரை

இடுப்பில் தொங்கும் பெட்டியின் திரையில் நான்கு என்று இருக்க வேண்டிய எண் ஏழு என்று காட்டியது. காலையில் சிறுநீரும் கடுங்காப்பி நிறத்தில் போயிருந்தது. என் இதயத்தோடு சேர்த்து ஒரு பம்பு வைத்துத் தைத்திருக்கிறார்கள். அதன் ஒயர் வயிற்றைத் துளைத்து வெளியே வந்து அந்தப் பெட்டிக்கும், தோள்பையில் இருக்கும் பேட்டரிகளுக்கும் போகிறது. பம்பு திணறினால் பெட்டியில் எண் ஏறும், நின்றால் என் கதை முடிந்தது. எங்கள் ஊர் இண்டூரிலிருந்து பெங்களூர் ஆஸ்பத்திரிக்குக் காரில் போகும்போது எனக்கு ஒரே நினைப்புதான், எவனோ ஏமாற்றியிருக்கிறான்.

இருபத்தாறு வருஷம் பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவன் நான். தூங்குவதுபோல் நடிப்பவனை மூச்சை வைத்தே பிடித்துவிடுவேன். முதலில் சந்தேகப்பட்டது என் மனைவி தீர்த்தம்மாளை. சொல்லவே கூசுகிறது, ஆனாலும் பட்டேன். ரத்தம் உறையாமலிருக்க தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பது அவள்தான். கிளம்புமுன் அவள் ஆட்டுக்குத் தழை ஒடிக்கப் போன நேரம், காலி அட்டைகளைக் காலண்டரோடு வைத்துப் பார்த்தேன். ஒரு நாள்கூடத் தப்பவில்லை. அப்படியானால் கோளாறு பம்பில்தான்.

பம்பு வைத்தவர்களைக் கவனிக்கும் நர்ஸ் பிரியதர்ஷினி எங்கள் பக்கத்துப் பாப்பிரெட்டிப்பட்டிக்காரப் பெண். பம்புக்குள் ரத்தம் கட்டியிருக்கிறது, மூன்று நாள் மருந்து ஏற்றியும் கரையாவிட்டால் நெஞ்சைத் திறந்து பம்பை மாற்ற வேண்டும் என்றாள். இன்னொரு முறை திறந்தால் தாங்குவேனா என்று கேட்டதற்கு, ஊசி போட என் கையைத் திருப்பினாள். இதே பம்பு வைத்தவர்களில் ஒரு நாட்டில் ரத்தக்கசிவு அதிகம், இன்னொரு நாட்டில் ரத்தம் கட்டுவது அதிகம் என்று முன்பு அவளே சொல்லியிருந்தாள். அதைப் பிடித்துக்கொண்டேன்.

"வெள்ளக்காரனுக்கு நல்லது, நமக்கு ரெண்டாந்தரம். அப்படித்தானம்மா?"

அவள் கோபப்படவில்லை. என் பம்பு வந்த பெட்டியின் படத்தையும் ஜெர்மனிக்குப் போன பெட்டியின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டினாள். ஒரே கம்பெனி, ஒரே மாடல்.

"மெஷின் ஒண்ணுதாங்க. உடம்பும் சாப்பாடும் ஒண்ணில்லையே. என்ன சாப்பிடுறீங்க, சொல்லுங்க."

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அவர்கள் கொடுத்த தாளில் கேல், புரோக்கோலி, லெட்டூஸ் கூடாது என்று இருந்தது. அந்த மூன்றையும் நாங்கள் கண்ணால்கூடப் பார்த்ததில்லை, ஆகவே அணுவளவும் பிசகாமல் கடைப்பிடித்தோம். களிதான் சாப்பிடுகிறேன் என்றேன். ஆள் வெளுத்துவிட்டேன் என்று தீர்த்தம்மாள் ஒரு மாதமாக முருங்கைக்கீரையைக் காயவைத்துப் பொடித்து ராகி மாவில் கலக்கிறாள் என்றும் பெருமையாகச் சொன்னேன்.

பிரியதர்ஷினி எழுதுவதை நிறுத்தினாள். "தெனமுங்களா?"

"மூணு வேளையும்."

"அந்தக் கீரை மாத்திரைய வேலை செய்ய விடாதுங்க. வெளிநாட்டுத் தாள அப்படியே தமிழ்ல போட்டுக் குடுத்துட்டோம். தப்பு எங்களுதுதாங்க."

கண்ணாடிக் கதவுக்கு அப்பால் தீர்த்தம்மாள் வெந்நீர் பிடித்துக்கொண்டு வருவது தெரிந்தது. காலையிலிருந்து சாவுக்குப் பயந்ததைவிட அந்த நிமிஷம் அதிகம் பயந்தேன். இது தெரிந்தால் நான் பிழைத்தாலும் அவள் பிழைக்கமாட்டாள்.

"அவகிட்ட மட்டும் சொல்லாதம்மா. மாத்திரைய நாந்தான் போடலன்னு சொல்லிக்கிறேன். முருங்கை வாசம் புடிக்கலன்னு மாவையும் மாத்திடறேன்."

நான்காம் நாள் எண் ஐந்துக்கு இறங்கியது. இப்போதைக்குத் திறக்க வேண்டாம், வாரா வாரம் வந்து காட்டுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். மாத்திரை கசந்தது, ஜன்னல் வழியாக எறிந்துவிட்டேன் என்று காரில் தீர்த்தம்மாளிடம் சொன்னேன். வீடு வந்ததும் அவள் நேராக ஜன்னலுக்குக் கீழே போய், குச்சியால் மண்ணைக் கிளறிக்கொண்டு ரொம்ப நேரம் குந்தியிருந்தாள்.

ஆறு மணிக்கு மாத்திரையை என் கையில் கொடுக்காமல் அவளே நாக்கில் வைத்தாள். தண்ணீர் குடித்தேன். அவள் நகரவில்லை.

"வாயத் தொறங்க."

திறந்தேன். செல்போன் டார்ச்சை அடித்தாள்.

"நாக்கத் தூக்குங்க."

தூக்கினேன். கண்ணைக்கூட இமைக்காமல், என் நாக்குக்கு அடியில் அவள் தேடிக்கொண்டே இருந்தாள்.